அருவிக்கடியில் இரண்டு சொற்கள்

1959, ஆடி ஆறாம் தேதி, காலை பதினொன்றடிக்கப் பத்து நிமிடம், வெயிலோடு சாரல். அந்த நேரத்தில் தென்காசியில் என்னைவிட அவசரக்காரன் கிடையாது. டிக்‌ஷனரி அண்ணாச்சியைவிட அவசரமில்லாத ஆள் உலகத்திலேயே கிடையாது.

ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து மனு அடித்துக் கொடுப்பவர் அவர். எனக்கோ முதல் உத்தியோகம். டைபாய்டில் கிடந்து, பதினொரு நாள் தாமதமாகப் போய் நின்றேன். ஐந்து மணிக்குள் ஆங்கிலத்தில் விளக்கம் தராவிட்டால் வேலை அடுத்தவனுக்கு என்றார்கள்.

“‘சாரி’ போடவா, ‘ரெக்ரெட்’ போடவா?” என்றார் அண்ணாச்சி.

“ரெண்டும் வருத்தந்தானே. எதையாவது அடிங்க.”

“எதையாவதா? ஏலே, ‘சாரி’ பெயரடை. ஆளை ஒட்டிக்கிட்டுச் சும்மா நிக்கும். ‘ரெக்ரெட்’ பெயர்ச்சொல்லாவும் இருக்கும், வினைச்சொல்லாவும் ஓடும். ரெண்டு ஆள் வேலை பாக்குது. ஆனா ஈரம் கம்மி. சூட்டுத் தலையோட முடிவு பண்ணக் கூடாது. வா, குத்தாலம் போவோம்.”

அவர் வழக்கம் அது. சந்தேகமான சொல்லை அருவியில் நின்றுதான் தீர்ப்பார். ஒரு வரப்புத் தகராறு மனுவுக்கு இரு தரப்பையும் கூட்டிப்போய் ஏழு முறை குளித்ததில், அவர்கள் சளி பிடித்துச் சமாதானமாகிவிட்டார்கள்.

“டைபாய்டு உடம்பு அண்ணாச்சி!”

“அருவித் தண்ணி அவ்வளவும் மருந்துலே.”

பஸ்ஸில் நான் நிமிடங்களை எண்ணிக்கொண்டே போனேன். அருவியில் என் சட்டையைக் கழற்றவைத்து, எண்ணெய் வழிய நின்ற ஒரு பருத்த மனிதருக்குப் பக்கத்தில் என்னைத் தள்ளினார்.

“சார், படிச்சவரு மாதிரி இருக்கீய, கேக்குதேன்!” என்று இரைச்சலுக்கு மேல் கத்தினார். “டைபாய்டு வந்து இவன் வேலைக்குப் பிந்திட்டான். மேலதிகாரிக்கு ‘சாரி’யா, ‘ரெக்ரெட்’டா?”

அந்தப் பருத்தவர் என் விலா எலும்புகளைப் பார்த்தார். ஒரு பக்கம் எண்ணி முடித்து, மறுபக்கமும் எண்ணினார் என்றே நினைக்கிறேன்.

“எந்த ஆபீஸ்வே?”

பல் தந்தியடிக்கச் சொன்னேன்.

“அந்த மேலதிகாரி நான்தாம்வே. ரெண்டும் வேண்டாம். முதல்ல தலையைத் துவட்டும். நாளைக்குப் போய் வேலையில சேரும்.”

சேர்ந்தேன். ஆபீஸ் வாசல் பலகையில், முந்தின நாள் பதற்றத்தில் நான் பார்க்காத அறிவிப்பு ஒன்று இருந்தது: அதிகாரி ஒரு வாரம் குற்றாலத்தில் முகாம். அதில் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சுழித்து, ஓரத்தில் வேறு சொல் எழுதியிருந்தது. யார் கையெழுத்து என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

வேப்பமரத்துக்கு ஓடினேன். “முன்னமே தெரியுமா அண்ணாச்சி?”

“எனக்கு என்னலே தெரியும்? அந்த ரெண்டு சொல்லும் இன்னும் தீரலை.”

கூலியை நீட்டினேன். மனுவே அடிக்கவில்லையே என்று கையை ஒதுக்கிவிட்டார். என்னுடைய முப்பத்திரண்டு ஆண்டு உத்தியோகத்துக்கு அவர் என்னைச் செலவழிக்க விட்டது, இருவருக்கும் போக வர பஸ் சார்ஜ் அறுபது நயா பைசா மட்டும்.