நங்கூரத்தில் கிடந்தபடி மட்டக்களப்புக்கு நடந்தவர்

எனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே ஒரு நிமிடம்கூட ஓய்வில்லாதவர் சாரங்கு நானாதான். அமைச்சர்களைப் பார்த்திருக்கிறேன், கல்யாண வீட்டுச் சமையல்காரர்களைப் பார்த்திருக்கிறேன், பரீட்சைக்கு முதல்நாள் பாடம் தொடங்கும் மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒருவரும் நானாவுக்குக் கிட்ட வர ஏலாது. இத்தனைக்கும் அவர் வேலை பார்த்தது ஓர் அங்குலமும் நகராத படகில்.

திருகோணமலைத் துறைமுகத்தின் உள்பக்கம், சீனன்குடாப் பக்கமாக, ஒரு பழைய இழுவைப் படகு நங்கூரம் போட்டுக் கிடந்தது. அதன் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். இருவருக்கும் சண்டை வந்து வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போய்விட்டார்கள். வழக்கு முடியும்வரை படகு அசையக் கூடாது, அதில் எந்நேரமும் இரண்டு பேர் காவல் இருக்க வேண்டும் என்று உத்தரவு. நான் அப்போது ஒரு சிறிய கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளாக்கர். காவலுக்குப் போன முதல் ஆள் நான்காம் நாளே பல்வலி என்று கரைக்கு ஓடிவந்துவிட, மனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு கிழமைதான். சும்மா சாப்பிட்டிட்டுப் படுக்கிற வேலை."

சாப்பிட்டுவிட்டுப் படுப்பதில் எனக்கு நல்ல அனுபவம் இருந்தது. என் வயிறே அதற்குச் சாட்சி. சந்தோசமாகப் போனேன். ஏழு நாள் என்ற அந்த ஒரு கிழமை ஏழு மாதம் நீண்டது. படுக்கிற வேலை என்று அவர் சொன்னதும் சுத்தப் பொய்.

முதல் விடியற்காலை, காதுக்குள் இடி விழுந்த மாதிரிச் சத்தம். கண்ணைத் திறந்தால், சட்டிமூடியில் கரண்டியால் அடித்துக்கொண்டு ஒரு மெலிந்த, உயர்ந்த மனிதர் நிற்கிறார். வெள்ளைத் தாடி, சாரத்தை மடித்துக் கட்டிய கால்கள், தலையில் ஒரு பழைய கம்பளித் தொப்பி. ஊர் கிண்ணியா, வயது அறுபத்து மூன்று. நாற்பது வருடம் கப்பல்களில் சாரங்காக, அதாவது மேல்தட்டு ஆட்களை மேய்ப்பவராக, இருந்தவர். நானா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன்.

"தம்பி, எழும்புங்க. டியூட்டி!"

"என்ன டியூட்டி நானா? படகு நிக்குதே."

"படகுதான் நிக்கிது. நாம ஏன் நிக்கணும்?"

அன்றிலிருந்து என் நிம்மதி போனது.

முதல் டியூட்டி நடை. படகின் மேல்தட்டை ஒருமுறை சுற்றினால் இத்தனை அடி என்று காலால் அளந்து, கொப்பியில் எழுதி வைத்திருந்தார். சும்மா சுற்றினால் தலைதான் சுற்றும், போக ஒரு ஊர் வேண்டும் என்பது அவருடைய கட்சி. எனவே நாங்கள் மட்டக்களப்புக்கு நடந்தோம். திருகோணமலை நகரத்திலிருந்து கரையோர வீதியால். ஒவ்வொரு நாளும் சுற்றுகளைக் கூட்டி, மைலாக்கி, எங்கே வந்து நிற்கிறோம் என்று அறிவிப்பார். "இண்டைக்கு வெள்ளைமணல். நாளைக்குப் பாலம் கடக்கிறம்."

பாலம் கடந்தால் கிண்ணியா, அவருடைய ஊர். அன்றைக்காவது சீக்கிரம் நிறுத்துவார் என்று நம்பினேன். "நானா, உங்கட வீடு வந்திட்டுது. உள்ளுக்குப் போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போவமா?"

நானாவின் நடை வேகம் கூடியது. "விசரா தம்பி? உள்ளுக்குப் போனா அவ விடமாட்டா. கூரை ஒழுகுது, பைப்ப மாத்துங்க எண்டு பிடிச்சி வெச்சிடுவா. குனிஞ்சி வாங்க, சத்தம் போடாதீங்க."

உண்மையாகவே குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஏழு சுற்று நடந்தார். நானும் குனிந்து நடந்தேன். அதை இன்றுவரை என் மனைவிக்குச் சொல்லவில்லை.

வழியில் வரும் கட்டைபறிச்சானில் என் சின்னம்மா இருப்பதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சொந்தக்காரர் வீட்டைத் தாண்டிப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போவது மரியாதையில்லை என்று, அந்த இடம் வந்த நாளில் என்னைப் போன் எடுக்க வைத்தார்.

"சின்னம்மா, நான்தான். இப்ப உங்கட வாசலாலதான் போறன்."

"எங்கயடா நிக்கிறாய்?" செருப்புச் சத்தம் கேட்டது. கேற் திறந்த சத்தமும் கேட்டது. "ஒருத்தரையும் காணேல்லை. மறைஞ்சு நிக்கிறியோ?"

விளக்கப் போனேன். விளக்க விளக்க அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. அன்று மத்தியானமே என் அம்மாவுக்குப் போன் போட்டு, பிள்ளைக்கு அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, உடனே கூப்பிடு என்றாராம்.

நடை முடிந்தால் தூக்குதல். சங்கிலிகளை இணைக்கும் பெரிய இரும்பு வளையங்கள் படகில் கிடந்தன. அவற்றைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி இறக்க வேண்டும். அதற்குப் பிறகு நீச்சல். இடுப்பில் கயிறு கட்டி என்னைக் கடலில் இறக்கிவிட்டு, மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகோடு சேர்த்து நடப்பார். மாட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருக்கும். பிறகு கைப்பிடிக் கம்பிகளுக்கு வண்ணம் பூசுதல். முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் போய் முடிக்கும்போது முன்பக்கம் உப்புக் காற்றில் மங்கியிருக்கும். "பாத்தீங்களா? அல்லாஹ் வேலைய வெச்சிருக்கான்" என்று மகிழ்ந்து, மறுபடி முன்பக்கம் போவார். வண்ணம் முடிந்த தகரப் பேணிகளில் தக்காளியும் கொச்சிக்காய் என்கிற மிளகாயும் நட்டிருந்தார். நங்கூரத்தில் கிடக்கும் படகு காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். வெயில் ஒருபக்கம் நில்லாது. அதனால் வெயிலைத் தேடிப் பேணிகளை இடம் மாற்றுவதும் ஒரு டியூட்டி. நானா தொழுகைக்குப் பாய் விரிக்குமுன் ஒவ்வொரு தடவையும் திசைகாட்டியைப் பார்ப்பார். தக்காளிக்கு என்னைப் பார்ப்பார்.

இரண்டாம் மாதம் மூச்சுப் பயிற்சி என்று ஒன்று சேர்ந்தது. படகு அறையின் கூரைமேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலே தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். ஒருநாள் காலை ஐந்தாறு தடவை செய்திருப்போம். தூரத்தில் போன ரோந்துப் படகு ஒன்று சடாரென்று திரும்பி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. நான் பயிற்சியின் களைப்பில் கூரையில் மல்லாக்க விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஓர் இளம் அதிகாரி, சிங்களம் கலந்த தமிழில் கத்தினார்: "என்ன பிரச்சின? என்ன பிரச்சின?"

"ஒரு பிரச்சினயும் இல்ல சேர். உடற்பயிற்சி."

"நீங்க கை காட்டினது ஆபத்து சிக்னல்! தெரியாதா?"

கைகளை அப்படி ஏற்றி இறக்குவதற்குக் கடலில் 'காப்பாற்றுங்கள்' என்று அர்த்தமாம். உலகம் முழுக்க அதுதான் சைகையாம். நாற்பது வருடச் சாரங்குக்கு அது தெரியாமல் இருக்குமா? "தெரியும் சேர்" என்றார் நானா, நெஞ்சை நிமிர்த்தி. "ஆனா என்னப் பாத்தா ஆபத்தில இரிக்கிற ஆள் மாதிரியா விளங்குது?"

அதிகாரி அவரைப் பார்த்தார். பிறகு கூரையோடு கூரையாகக் கிடந்த என்னைப் பார்த்தார். "அவருக்கு?"

"அவருக்குத்தான் சேர் கொஞ்சம் பிரச்சின."

அன்று முதல் ஒரு நேரத்தில் ஒரு கை மட்டும்தான் தூக்க அனுமதி.

இப்படியே மூன்று மாதம் போனது. காற்சட்டைக்கு இடுப்புப்பட்டி தேவைப்பட்டது. நடை பாதி வழியில் கதிரவெளியைத் தாண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் அம்மாவின் போன் வந்தது.

ஆசிரியர் நியமனத்துக்கு நான் விண்ணப்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்துக் கடிதம் வந்திருக்கிறது. வந்தது நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டு விலாசத்துக்கு. அந்த வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது திகதி முடிந்து ஒன்பது நாள். அம்மா போனில் அந்தக் கடிதத்தை முழுக்க வாசித்தார், கடைசிக் கையெழுத்துவரை. நான் "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் படுத்தேன்.

மறுநாள் சட்டிமூடி அடித்தது. நான் எழும்பவில்லை. நானா சத்தத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க என்னைத் தொந்தரவு செய்யவில்லை. சோற்றைக் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இரும்புச் சுவரில் வண்ணம் வெடித்த ஒரு கோடு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதைப் பற்றியும் யோசித்ததாக நினைவில்லை.

அதற்கு அடுத்த நாள் சட்டிமூடிச் சத்தமே இல்லை. வெயில் ஏறியபிறகு திரும்பிப் பார்த்தேன். என் கட்டிலுக்குப் பக்கத்தில், வெறும் இரும்புத் தரையில், நானா மல்லாக்கப் படுத்திருந்தார்.

"என்ன நானா?"

"நானும் படுத்திட்டன்."

"ஏன்?"

"நீங்க படுத்தா நானும் படுக்கிற. ரெண்டு பேர் காவல்தானே."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அசையவில்லை. தேநீர் நேரம் போனது. பத்து மணி, பதினொரு மணி. யாரோ ஒருவருடைய வயிறு பெரிய சத்தம் போட்டது.

"அது உங்கடயா, என்டயா?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, கூரையைப் பார்த்தபடியே அவர் பேசினார். விளையாட்டுக் குரல் போய்விட்டிருந்தது.

"தம்பி, நான் வளைகுடாவில ஒரு கப்பல்ல இருந்தன். இப்பிடித்தான், முதலாளி கைவிட்டிட்டான். பதினொரு மாசம் நங்கூரத்தில. எங்கட குக், என்ன விட மூத்த ஆள், நல்ல பகிடிக்காரன், எல்லாரையும் சிரிக்க வெப்பாரு. முதல்ல கொஞ்சம் கூட நேரம் படுத்தாரு. களைப்பாக்கும் எண்டு விட்டிட்டம். பிறகு பகல் முழுக்கப் படுத்தாரு. கவலையாக்கும் எண்டு விட்டிட்டம். மனிசனத் தொந்தரவு செய்யக்கூடாதெண்டு எல்லாரும் மரியாதையா இருந்தம். கரையில இருந்து டொக்டர் வரக்குள்ள எல்லாம் முடிஞ்சிது. என்ன வருத்தம், என்ன நோய் எண்டு அவருக்கும் விளங்கல்ல. வாங்க, ஒரு சுத்து நடப்பம் எண்டு நான் ஒருக்காக் கேட்டிருக்கலாம். கேக்கல்ல."

நான் எழுந்து உட்கார்ந்தேன். நேராகக் குசினிக்குப் போனேன். அதுவரை அங்கே தண்ணீர் குடிப்பதைத் தவிர நான் எதுவும் செய்ததில்லை. அரிசியைப் போட்டேன். அடிப்பிடித்தது. உப்புப் போட மறந்தேன். ஒரு டின் மீனை உடைத்துக் கொட்டினேன். நானாவின் தோட்டத்துக் கொச்சிக்காயில் நாலைக் கிள்ளிப் போட்டேன். இரண்டு சோற்றுக் கோப்பைகளோடு திரும்பி வந்தால் அவர் இன்னும் தரையிலேயே கிடக்கிறார்.

"எழும்புங்க நானா. சாப்பாடு."

"எழும்ப ஏலா, தம்பி."

"நான்தான் எழும்பிட்டனே!"

"பகிடி இல்ல. முழங்கால் பிடிச்சிட்டுது."

தோளில் கைபோட்டுத் தூக்கிக் கதிரையில் இருத்தினேன். சாரம் விலகிய இடத்தில் இரண்டு முழங்காலும் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தன. தைலத்தின் மணம். அந்த மணம் காலைகளில் எப்போதும் இருந்ததுதான். ஏதோ கப்பல்காரர் பூசுகிற வாசனை என்று நினைத்திருந்தேன்.

"எவ்வளவு காலமா இந்த முழங்கால் நோ?"

"ஏழெட்டு வருசம்."

"இந்தக் காலை வைச்சுக்கொண்டு எதுக்கு ஒவ்வொரு நாளும் இப்படி நடக்கிறீங்க?"

அவர் ஒரு பிடி சோற்றை வாயில் போட்டு மென்றார். "நான் கதிரையில இருந்திட்டா நீங்களும் இருந்திடுவீங்களே." பிறகு முகத்தைச் சுளித்தார். "தம்பி, இவ்வளவு மோசமான சோறு நான் எந்தக் கப்பல்லயும் திண்டதில்ல. இன்னும் கொஞ்சம் போடுங்க."

அன்று பின்னேரம் புது டியூட்டி தொடங்கியது. கடிதம் எழுதுதல். நடந்ததை விளக்கி, மறுபடி ஒரு சந்தர்ப்பம் கேட்டு, ஒரு நாளைக்கு ஒரு கடிதம். நான் எழுத, அவர் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்துவார். "தாழ்மையுடன் எண்டு மூணு இடத்தில இரிக்கி. ஒண்டு போதும். நாம கள்ளனில்ல." சாமான் கொண்டுவரும் படகில் கடிதங்கள் கரைக்குப் போயின. பதினேழாவது கடிதத்துக்கோ பதினெட்டாவது கடிதத்துக்கோ பதில் வந்தது. தொல்லை தாங்காமல்தான் கூப்பிட்டார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். நேர்முகப் பரீட்சை அன்று நான் போட்ட சேட்டை, கொதிதண்ணீர் நிரப்பிய சட்டியின் அடியால் சுருக்கம் போகத் தேய்த்துத் தந்தவர் நானா. அந்த ஒரு நாளைக்குக் காவலுக்கு மனேஜர் வேறு ஆளை அனுப்பினார்.

நடையும் நிற்கவில்லை. ஆனால் இனி நான் நடப்பது, அவர் கதிரையில் இருந்து எண்ணுவது என்று மாற்றினேன். இரண்டு நாள்தான் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள், நான் சுற்றுகளைக் களவெடுப்பதாகக் குற்றம் சாட்டி, தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்துவிட்டார். வாகரை, வாழைச்சேனை எல்லாம் கடந்து, வழக்கு முடிந்த செய்தி வருவதற்கு இரண்டு நாள் முந்தி மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் தட்டில் விழுந்து கிடந்தேன். நானா கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரி தம்பி. இனித் திரும்பி நடக்கணுமே?"

படகு விற்றுப்போனது. எனக்கு நியமனம் கிடைத்தது. போன மாதம் நோன்புப் பெருநாள் கழிந்து நானாவைப் பார்க்கக் கிண்ணியாவுக்குப் போனேன். இம்முறை குனியாமல், நேராகக் கேற்றைத் திறந்து. அவருடைய மனைவி வாசலுக்கு வந்தார்.

"அவர் எங்க வீட்டில இரிக்காரு? வேற ஒரு படகு நங்கூரத்தில கிடக்காம். காவலுக்கு ஆள் கேட்டாங்களாம். இந்த முழங்காலோட வேணா எண்டு சொன்னன். கேட்டாத்தானே? கூரையும் ஒழுகுது." கோபமாகத்தான் சொன்னார். ஆனால் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை எனக்கு இரண்டு துண்டு வெட்டித் தந்தார்.

அங்கிருந்தே போன் எடுத்தேன். காற்றுச் சத்தத்துக்கிடையே நானாவின் குரல் வந்தது.

"தம்பி! நல்லா இரிக்கிறீங்களா? நடக்கிறீங்களா? இஞ்ச என்னோட புதுசா ஒருத்தரப் போட்டிருக்காங்க. பேங்க்ல வேல பாத்த ஆள். உங்கள விடச் சோம்பேறி. எழுப்பவே ஏலா. பொறுங்க, பொறுங்க, திரும்பப் படுக்கப் போறாரு..."

போன் வெட்டுப்பட்டது. அந்தப் புது ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.