பருத்திப்பட்டு ஏரியில் எட்டுப் போர்க்கப்பல்கள்

எருமைகளுக்குப் போர்க்கப்பல்களின் பெயரை வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஆவடி பருத்திப்பட்டில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றினார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அட்மிரல். கடலை அவர் காணும் பொங்கலன்று மெரினாவில் பார்த்ததோடு சரி.

எண்பதுகளில் பூந்தமல்லிப் பழைய சாமான் கடையிலிருந்து கண்ணாடி போட்ட படம் ஒன்றை வாங்கி வந்தார். வெள்ளைக்காரர்களின் எட்டுப் போர்க்கப்பல்கள் வரிசையாகப் புகைவிட்டுக்கொண்டு போகும் படம். கீழே பெயர்கள். தொழுவத்திலும் எருமைகள் எட்டு. அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? பெரிய கொம்புக்காரி எட்வர்ட் ஆனாள். உதைக்கிறவள் பிரிட்டானியா, சாது ஹிந்துஸ்தான்.

"லட்சுமி, கற்பகம்னு வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"தெருவுக்கு நாலு லட்சுமி கீது சார். ஹிந்துஸ்தான்னு கூப்ட்டா இது மட்டுந்தான் திரும்பும்."

அவை ஏரியில் கழுத்தளவு அமிழ்ந்து கிடக்க, அட்மிரல் கரையில் நின்று கம்பை நீட்டி உத்தரவு போடுவார். ஒன்றும் கேட்காது.

ஹிந்துஸ்தானுக்கு வயதாகி மடி வற்றியது. அட்மிரலின் மனைவி மங்கம்மா அதை அடிமாட்டுக்கு அனுப்ப முடிவு செய்து, வெள்ளிக்கிழமை தரகரை வரச் சொல்லிவிட்டார். அட்மிரல் என்னிடம் ஓடி வந்தார்.

"படத்துல கீற ஹிந்துஸ்தான் இன்னா ஆச்சின்னு பாத்து சொல்லு சார். சண்டையில முழுகியிருந்தா இதோட விதியும் அவ்ளோதான், அனுப்பிடறேன். பொழச்சிருந்தா ஊட்லயே கெடக்கட்டும்."

மங்கம்மாவும் சம்மதித்தார். சண்டைக்குப் போன கப்பல் முழுகாமலா இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

எனக்கும் ஆவல் தாங்கவில்லை. லீவு போட்டுவிட்டுப் பட்டணத்து நூலகத்தில் தேடிப் பிடித்தேன். பாவப்பட்ட கப்பல்கள். நேராகவே போகாதாம், தள்ளாடும் எட்டு என்று மாலுமிகளே கேலி செய்திருக்கிறார்கள். பெயின்ட் காய்வதற்குள் புதுவகைக் கப்பல் வந்து இவற்றைப் பழசாக்கிவிட்டது. முதல் உலக யுத்தத்தில் புதுக் கப்பல்களுக்கு முன்னால் இவற்றை ஓட்டினார்கள். கண்ணிவெடி இருந்தால் இவை வாங்கிக்கொள்ளட்டுமாம்! எட்வர்ட் அப்படி ஒரு வெடியில்தான் மூழ்கியது. யுத்தம் முடிய இரண்டே நாள் இருக்கையில் பிரிட்டானியாவும் போனது. ஹிந்துஸ்தான் பத்திரமாகத் திரும்பிவிட்டது.

வியாழக்கிழமை போய்ச் சொன்னேன். அட்மிரல் துள்ளிக் குதிக்காத குறை.

மங்கம்மா லேசுப்பட்டவர் இல்லை. "அப்பால இன்னா ஆச்சி சார்?"

எனக்குப் பொய் வரவில்லை. "உடைக்கிறதுக்கு வித்துட்டாங்க. மிச்சம் அஞ்சும் அப்படித்தான்."

அட்மிரல் வைக்கோல் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்ட மங்கம்மா மட்டும் எருமையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சண்டையெல்லாம் முட்சிட்டு ஊடு திரும்பினதையா ஒடைக்க வித்தானுங்க?"

"ஆமாங்க."

மறுநாள் தரகர் கயிற்றோடு வந்தார். வாசலிலேயே மறித்தது மங்கம்மாதான். "நீ போய்ட்டு வாய்யா. எங்க கப்பல விக்கிறதுக்கு இல்ல."

அடுத்த வாரம் நான் போன பஸ் ஏரிக்கரையில் நின்றுவிட்டது. நடுரோட்டில் ஹிந்துஸ்தான். டிரைவர் ஹாரனை அழுத்த, அட்மிரல் கையெடுத்துக் கும்பிட்டு, "கொஞ்சம் இரு நைனா, வயசாயிட்ச்சி" என்றார். எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த மனிதர்மேல் அப்போது வந்த பிரியத்தில், இறங்கிப் போய், அவர் அந்தப் பக்கம் தள்ள, எருமையின் இந்தப் பக்கம் நானும் தள்ளினேன்.