ஜெராக்ஸ் பாயும் மருந்தடிக்காத கீரையும்

காஞ்சிபுரத்தில் ஒரு கத்தரிக்காயின் பூர்வீகத்தை விசாரிக்காமல் அதை வாயில் வைக்காத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். ஜெராக்ஸ் பாய். நிலம் வாங்குகிறவர்கள்கூட வில்லங்கத்தை அத்தனை நுணுக்கமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகம் மாடியில், அவருடைய ஜெராக்ஸ் கடை கீழே. பாய்க்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. திங்களும் வியாழனும் டயாலிசிஸ். காலையில் நாலு மணி நேரம் ஊசியோடு படுத்துக் கிடந்துவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்து வந்து கடையைத் திறப்பார். தலைவலிக்கே லீவு போடுகிற நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

"உள்ள இருக்கிற ரெண்டு ஃபில்டரும் அவுட்டு சார். இனிமே உள்ள போறதயாவது சுத்தமா அனுப்ப வேணாமா?" என்பார்.

அப்படித்தான் மருந்தடிக்காத காய்கறி மோகம் பிடித்தது. மார்க்கெட்டில் பூச்சி துளைத்த கத்தரிக்காயாகத் தேடி எடுப்பார். பூச்சிக்கு ஆகாதது தனக்கும் ஆகாது என்பது அவர் கட்சி. இதைக் கவனித்த ஒரு காய்கறிக்கார அம்மா, ஒருநாள் கூடை முழுக்க ஓட்டைக் கத்தரிக்காயாக அடுக்கி வைத்தார். பாய் சட்டைப் பையிலிருந்து, பட்டுச்சேலையில் ஜரிகை பார்க்கிற சின்ன லென்ஸை எடுத்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"இது புழு போட்ட ஓட்டை இல்லமா, ஊக்கு போட்ட ஓட்டை. எந்த ஊர்ல புழு இவ்ளோ நேரா போவுது?"

அந்த அம்மா ஊக்கை முந்தானையில் மறைத்துக்கொண்டு, "உன்னை மாதிரி இன்னொருத்தர் வந்தா நான் கடைய மூடிக்கினு போவணும் பாய்!" என்று சிரித்துவிட்டார்.

பக்கத்துக் கிராமமான தென்னேரியில் ஏழுமலை என்கிற விவசாயி மருந்தே அடிப்பதில்லை என்று யாரோ சொன்னார்கள். பாய் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினார். வரப்பில் மருந்து டப்பா ஒன்று கிடக்கிறதா என்று ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேடினார். கடைசியில் ஏழுமலை ஒரு மண்கட்டியைப் புரட்டி, நெளிகிற மண்புழுக்களைக் காட்டினார். பாய் சரணடைந்தார். அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் ஏழுமலையின் கீரைக்கட்டு கடைக்கு வந்தது. இளநீரும் வாழைப்பழமும் கூடவே வந்தன.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் இதெல்லாம் கூடாது என்றே எழுதியிருந்தது. அது மருந்தடித்த சரக்குக்குத்தான் என்று பாய் தானாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை கீழே மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கால் மரத்துப் போய், பாய் மெஷின் மேலேயே சாய்ந்து கிடந்தார். ஒரு கை பட்டனில், இன்னொரு கை கண்ணாடியில். அவருடைய உள்ளங்கை தாள் தாளாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அவசரமாக டயாலிசிஸ் செய்து பிழைக்க வைத்தார்கள். மறுநாள் டயட்டீஷியன் பெண் வந்தார்.

"ரத்தத்துல பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறிடுச்சு பாய். இன்னா சாப்டீங்க?"

"எல்லாம் ஆர்கானிக்மா."

"பொட்டாசியத்துக்கு அது தெரியாது பாய். மருந்தடிக்காத கீரையிலயும் அது இருக்குது. உங்க கிட்னியால அத வெளிய தள்ள முடியாது."

பாய் லென்ஸை எடுத்து வாதாடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "தப்பு என்னுதுதாம்மா. எது எவ்ளோன்னு எழுதிக் குடு. அது மாதிரியே துன்றேன்" என்றார். ஊரையே குறுக்கு விசாரணை செய்தவர் தன் மேலான தீர்ப்பைப் படுத்தபடியே ஒப்புக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதி, நகலெடுத்து, டயாலிசிஸ் வார்டில் கட்டில் கட்டிலாகக் கொடுத்தார். 'ஆர்கானிக்கான்னு கேக்கறதுக்கு முன்னாடி, எனக்கு ஆவுமான்னு டாக்டர கேளுங்க. கேக்காம துன்னு நான் பட்டது போதும்.' கீழே கையெழுத்து வேறு.

செய்தி கேட்டு ஏழுமலை கலங்கிப்போய் ஓடி வந்தார். "என் கீரைதான் உங்களப் படுக்க வெச்சிடுச்சா பாய்? இனிமே கொணாரலபா."

"கீரை இன்னாபா பண்ணும்? நாக்குதான் குத்தவாளி. நீ கொணா. மத்தவங்க துன்னட்டும்."

அதன்பின் அவருக்கு அளந்த சோறு, வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிய காய். ஆனால் புதன்கிழமை கீரை மட்டும் வந்தது. இலை இலையாகப் புரட்டுவார், முகர்ந்து பார்ப்பார், மாடி ஏறி வந்து எங்கள் ஒவ்வொருவர் மேஜையிலும் ஒரு கட்டு வைப்பார். மறுநாள் டயாலிசிஸ் முடிந்து வந்ததும் முதல் கேள்வி, "எப்டி இருந்துச்சு சார்? பூண்டு போட்டாங்களா? கொஞ்சம் நிதானமா சொல்லுங்க." கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

எனக்கு மாற்றலாகி வேறு ஊர் வந்து இரண்டு வருடமாகிறது. இன்றும் வியாழக்கிழமை மத்தியானம் பாயின் போன் வந்துவிடுகிறது. "நேத்து இன்னா கீரை சார்?"

எனக்குக் கீரை என்றால் ஜென்மத்துக்கும் ஆகாது. ஆனாலும் புதன்கிழமைகளில் ஒரு கட்டு வாங்கி, ருசி பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். அந்த மனிதரிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.