ஹெரான்ஸ் ஜெயித்தது, கராஜ் காலியானது

சனிக்கிழமை ஹெரான்ஸ் பேஸ்பால் அணி பதின்மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. அந்த ஒரு ரன்னும் எதிரணிக்காரன் பந்தைக் கைநழுவ விட்டதால் வந்தது. க்ளென் நோவாட்னி டி.வி.யை அணைத்தார். செல்போனையும் அணைத்து ரொட்டி டப்பாவுக்குள் போட்டார். பிறகு சமையலறை நடுவில் மனைவி முன்னால் நின்று சபதம் செய்தார்.

"இன்னியோட சரி, மார்லீன். இந்த உதவாக்கரைங்களுக்காக முப்பத்தொரு வருஷம் உழைச்சது போதும். இனிமே நான் மேட்ச் பாக்கவே போறதில்ல."

"நீ எங்க உழைச்ச? உன் நாற்காலிதான் உழைச்சுது."

மார்லீனுக்கு என்ன தெரியும்? மைதானத்தில் ஒன்பது பேர் ஆடுவது வெறும் ஒப்புக்கு. ஜெயிக்க வைப்பவர் க்ளென். அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் காலுறையைத் துவைக்க மாட்டார், முகம் மழிக்க மாட்டார். ஒருமுறை அவர் கழிவறையில் இருந்தபோது ஹெரான்ஸ் நான்கு ரன் அடித்தது. மீதி மூன்று இன்னிங்ஸுக்கும் அவர் வெளியே வரவில்லை. வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, துக்கம் தாளாமல் படுத்துத் தூங்கினார். எழுந்தபோது மணி மூன்று.

"சும்மாதானே இருக்க? கராஜ்லேந்து ஒரே ஒரு பெட்டியை எடுத்து வெளில வை," என்றாள் மார்லீன்.

அந்த கராஜில் க்ளெனின் ஓடாத புல்வெட்டி, மூன்று பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம், எட்டு டயர் எல்லாம் சுகமாக இருந்தன. மார்லீனின் கார் மட்டும் தெருவில் நின்றது. ஆறு குளிர்காலமாக அவள் விடியற்காலையில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். இதோ அடுத்த பனிக்கு இரண்டே மாதம். ஒரு பெட்டிதானே என்று க்ளென் தூக்கினார். ஜன்னலில் மார்லீன் தலை தெரிந்தது.

"க்ளென், உங்கிட்ட சொல்லக் கூடாதுதான்."

"சொல்லாத."

"சரி."

க்ளென் பெட்டியோடு ஜன்னலருகே வந்தார். "என்னன்னு சொல்லித் தொலை."

"ரெண்டு ரன் அடிச்சுட்டாங்க. நீ பெட்டியைத் தூக்கின அதே நேரம்."

"நீ ஏன் அதைப் பாக்கற?"

"சபதம் போட்டது நீதானே. நான் இல்லையே."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். பத்து நிமிஷம் அசையாமல் நின்றார். ரன் வரவில்லை. அப்புறம் மார்லீன், எலுமிச்சை ஜூஸ் போட்டிருக்கேன், உள்ளே வந்து குடி என்றாள். போனார். தம்ளர் உதட்டில்கூடப் படவில்லை, அதற்குள் எதிரணி பந்தை எல்லைக்கு வெளியே விரட்டி ஹோம் ரன் அடித்தது. நான்கு ரன் போயிற்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் மார்லீன்.

சொல்லவே வேண்டாம். க்ளென் ஜூஸை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். வாசலில் பெரிய வாடகைக் குப்பைத் தொட்டி ஒன்று நின்றது. அது எப்போது வந்தது என்று கேட்க அவருக்கு நேரமில்லை. இரண்டு டயர் விழுந்தது, ஒரு ரன் வந்தது. கிறிஸ்துமஸ் மரங்கள் போயின, ஸ்கோர் சமமானது. உடற்பயிற்சி சைக்கிளிடம் வந்ததும் கை தயங்கியது. ஒரே ஒரு தடவைதான் அதில் ஏறியிருக்கிறார் என்றாலும் ஆசையாக வாங்கியது.

"இதை மட்டும் வெச்சுக்கலாமா?"

"தாராளமா வெச்சுக்கோ. இப்ப ரெண்டு பேர் பேஸ்ல, ரன் எடுக்கத் தயாரா நிக்கறாங்க. உன் இஷ்டம்."

சைக்கிள் தொட்டிக்குள் விழுந்தது. பின்னாலேயே புல்வெட்டியும் மீதி டயர்களும் போயின. உள்ளே டி.வி. அலறியது. அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நேற்று மண்ணைக் கவ்விய அணியை இன்று தன் முதுகில் தூக்கி நிறுத்துகிறார். முதுகும் அதைத்தான் சொன்னது.

அப்போது எதிர்வீட்டு விர்ஜில் நாயோடு வந்தார்.

"என்னமா திருப்பிக் குடுத்தாங்க பாத்தியா க்ளென்? அந்தக் கடைசி இன்னிங்ஸ்!"

"கடைசியா? இப்பதானே ஏழாவது நடக்குது?"

"மேட்ச் பன்னண்டு மணிக்கே ஆரம்பிச்சிடுச்சுப்பா. முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு."

க்ளென் உள்ளே போனார். மார்லீன் அவருடைய நாற்காலியில், அவருடைய பீரோடு சாய்ந்திருந்தாள். ரிமோட்டை அழுத்தினாள். பந்து ஆகாயத்தில் அப்படியே நின்றது.

"ரெக்கார்டிங்கா?"

"ஆமா."

"நான் தூங்கறப்பவே எல்லாத்தையும் பாத்துட்டியா?"

"ஒவ்வொரு ரன்னும்."

"அப்போ நான் டயர் தூக்கினதுக்கும் அவங்க அடிச்சதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. என்னை முட்டாளாக்கிட்ட."

"சரி, இல்லன்னே வெச்சுக்கோ," என்றாள் மார்லீன் நிதானமாக. "நேத்து நீ கண்கொட்டாம பாத்த, தோத்தாங்க. இன்னிக்கு எத்தனை மணிக்கு மேட்ச்னே தெரியாம குறட்டை விட்ட, ஜெயிச்சாங்க. முப்பத்தொரு வருஷமா அவங்களைத் தோக்கடிக்கறது யாருன்னு நீயே யோசிச்சுப் பாரு."

க்ளென் யோசித்தார். இன்னும் பத்தொன்பது ஆட்டம் பாக்கி. தன் ஒருவனால் அவர்கள் கோப்பையை இழந்தால் கல்லறையில்கூட நிம்மதி இருக்காது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு மேட்ச்?" என்று கேட்டார் மெதுவாக.

"அது உனக்குத் தெரியக் கூடாது," என்ற மார்லீன், வாசல் பக்கம் கார் சாவியை ஆட்டிக் காட்டினாள். "தள்ளிக்கோ, வண்டியை உள்ள விடணும்."