பக்கத்து வீட்டுப் பூசணிக்கு நான் கேட்ட ஓட்டு

மதிப்பும் பயமும் சரிபாதி கலந்த அன்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் (இந்த நிமிடம் வரை) கைகூப்பி எழுதுவது. அங்கே அனைவரும் சுகமென நம்புகிறேன். இங்கே நானும் மகளும் சுகம். உங்கள் தங்கை உடம்பளவில் சுகம். நேற்று மாலையிலிருந்து என்னோடு பேச்சு மட்டும் இல்லை. சனிக்கிழமை ரயிலேறி உங்கள் வீட்டுக்கே வந்துவிடப் போவதாக மகள் மூலம் தகவல் அனுப்பியிருக்கிறாள். அதற்குள் என் தரப்பு உங்களை எட்டிவிட வேண்டும்.

மொட்டைமாடியில் அவள் வளர்த்த பூசணிக்காயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். போனில் என் உடல்நிலையை விட அதன் உடல்நிலையைத்தான் அதிகம் சொல்லியிருப்பாள். வருடாந்திரப் பொருட்காட்சியின் காய்கறிப் போட்டிக்காக வளர்த்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் போட்டிக்கு ஒன்று வளர்த்தார். நேற்று எல்லாக் காய்களையும் பொருட்காட்சிக் கூடத்தில் பெயர் எழுதாமல் வைக்கோல் மேல் உட்காரவைத்து, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கண்ணாடி ஜாடி வைத்திருந்தார்கள். பார்க்க வருபவர்களுக்கு வெளிவாசலிலேயே ஆளுக்கொரு மொச்சை விதை கொடுத்தார்கள்; பிடித்த காயின் ஜாடியில் போட வேண்டும். அதுதான் ஓட்டு.

"எனக்குப் படபடன்னு வருது, நான் உள்ள வரல. நீங்க போய் நம்ம காய் பக்கத்துல நில்லுங்க" என்று உங்கள் தங்கை மகளோடு ராட்டினத்து நிழலில் உட்கார்ந்துவிட்டாள். நான் போனேன். மச்சான், அந்த மஞ்சள் விளக்கின் கீழே எல்லாப் பூசணியும் ஒரே குடும்பத்து ஆட்கள் மாதிரி இருந்தன. ஒன்று மட்டும் லேசாகத் தலையைச் சாய்த்து என்னை முறைத்தது. முறைக்கிறதென்றால் நம் வீட்டைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும் என்று அதன் பக்கத்தில் நின்றுவிட்டேன். நின்றதோடு விட்டேனா? "ஐயா, நிறத்தைப் பாருங்க! அம்மா, தட்டிப் பாருங்க, என்னா சத்தம்!" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்தேன். பஞ்சுமிட்டாய்க்காரரைக் கடையோடு இழுத்து வந்து விதை போடவைத்தேன். வாழ்க்கையில் எந்த வேலையையும் நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

ஒரே ஒரு விதை வித்தியாசத்தில் முடிவு. மேடையேறியவர் தையல்காரம்மா! நம் காய் இரண்டாமிடம். கோப்பையை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "இந்தப் பரிசு பக்கத்து வீட்டு அண்ணனுக்குத்தாங்க. சொந்தக் காய் போட்டியில இருக்கும்போது எனக்காகத் தொண்டை வத்த ஓட்டுக் கேட்டாரு. அந்த மனசு யாருக்கு வரும்!"

கூட்டம் கைதட்டியது. பழக்கதோஷம், நானும் தட்டினேன். திரும்பினால் உங்கள் தங்கை.

"கண்ணு முன்னால வளந்த காயை அடையாளம் தெரியலயா? நாளைக்கு நான் கூட்டத்துல தொலஞ்சு போனா, எவளைக் கூட்டிட்டு வந்து 'இவதான்'னு நிப்பீங்க?"

"நீ முறைச்சா கண்டுபிடிச்சிருவேன்" என்றேன். சமாதானமாகத்தான் சொன்னேன் மச்சான். அதோடு பேச்சு நின்றது. திரும்பும்போது பேருந்தில் சன்னலோரம் பூசணி, அடுத்த சீட்டில் அவள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஆகவே, அவள் போன் செய்தால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், படுக்க இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். அவள் இல்லாவிட்டால் சோறு எப்படியாவது பொங்கிக்கொள்வேன். அவள் திட்டு இல்லாவிட்டால் வீட்டில் நான் இருக்கிறேனா என்பதே எனக்குத் தெரியாது.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, மிச்சமிருக்கும் அனுதாபம் எனக்கு.

இப்படிக்கு,
பூசணிக்கு அடுத்த நிலையில் உள்ள
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் தோளுக்குப் பின்னாலிருந்து முழுவதையும் படித்துவிட்டாள். "அப்பா, அந்த ஜாடியில அம்மா விதையும் இருந்துச்சே!" உள்ளே வர மாட்டேன் என்ற உங்கள் தங்கை, "அப்பா எங்க நிக்கிறாரோ அதுல போட்டுட்டு வா, அவருக்குத் தெரியும்" என்று தன் விதையை இவளிடம் கொடுத்தனுப்பினாளாம். இவளும் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அடுப்படியில் இதைக் கேட்ட உங்கள் தங்கை கரண்டியோடு வெளியே வந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்களைப் போய் நம்பினேன் பாருங்க!" என்றாள். என்னிடமே, நேராக! "இந்தக் கூத்தை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. முக்கியமா எங்கண்ணன்கிட்ட." சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். ஆகையால் இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை, நீங்கள் படிக்கவில்லை. சனிக்கிழமை மூவருமாகவே வருகிறோம். ஒன்றும் தெரியாத முகத்தோடு, "பொருட்காட்சி எப்படிம்மா இருந்துச்சு?" என்று அவளிடம் கேளுங்கள்.