அப்பாவுக்குப் பதிலாக வாங்கிய லைட்

மரவேலை செய்கிறவனின் நிழல், அவன் கோடு போட்ட இடத்தில்தான் சரியாக வந்து விழும். விளக்கை வலப்பக்கம் மாட்டினால் கை மறைக்கும். இடப்பக்கம் மாட்டினால் மூக்கு மறைக்கும். உச்சியில் மாட்டினால் தலையே மறைக்கும் (என் தலை கொஞ்சம் பெரிசு. வீட்டில் யாரும் அதை மறக்க விடுவதில்லை).

பிழைப்புக்கு எனக்குப் பதுளையில் ஒரு மருந்துக் கடை வேலை. மரவேலை வீட்டோடு. சமையலறைக்குப் பின்னாலிருக்கும் ஒடுங்கிய இடத்தில், பலகைகளை அடித்து நானே ஒரு வேலை மேசை செய்து வைத்திருக்கிறேன். அந்த மேசை ஆடும். அதனால் அதில் செய்கிற சாமான் எல்லாமும் ஆடும். என் முதல் முக்காலியில் நம்பி உட்கார்ந்த பெரியம்மா, இன்றுவரை எங்கள் வீட்டில் நின்றுகொண்டுதான் தேத்தண்ணீர் குடிக்கிறார்.

என் கைவேலைக்கு உலகத்தில் ஒரே ஒரு ரசிகர் இருந்தார். அப்பா. அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே மேசைக்குத்தான் வருவார். நான் செய்து வைத்ததைத் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்குடா" என்பார். ஆயுள் முழுக்கக் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை அது. அந்தக் கைக்குக் கருங்கல்லும் வழுவழுப்பாகத்தான் இருந்திருக்கும். அது தெரிந்தும் நான் பாராட்டை வேண்டாம் என்று சொன்னதில்லை.

எனக்கு டார்ச் பிடிப்பதும் அவர்தான். அதில் அவர் மகா மோசம்.

"அப்பா, மரத்துக்குப் புடிங்க. கண்ணு கூசுது."

"மரத்துக்குத்தான்டா புடிக்கிறேன்."

சற்று நேரத்தில் வெளிச்சம் மெல்ல நகர்ந்து மறுபடி என் முகத்துக்கு வந்துவிடும். நான் வெட்டுகிற கோடு இருட்டில் கிடக்கும். போகப் போக அவருக்குக் கை நடுக்கமும் வந்துவிட்டது. நேரான கோடும் அந்த வெளிச்சத்தில் பாம்பு மாதிரி நெளிந்தது. நான் பண்டாரவளைக்குப் போய்ச் சார்ஜ் போடுகிற லைட் ஒன்று வாங்கி வந்தேன். சொன்னபடி வளைகிற கழுத்து. அடியில் காந்தம். இரும்பு எங்கே இருந்தாலும் கவ்விக்கொண்டு நிற்கும்.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இவனுக்கு எத்தன பேரு?" என்று கேட்டார்.

(தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். பாதி நாளென்றால் அரைப் பேர். அப்பாவுக்கு உலகத்திலுள்ள எல்லா உழைப்புக்கும் அதுதான் அளவு.)

"முழுப் பேருதான்ப்பா. தேத்தண்ணியும் கேக்க மாட்டான், வெத்தலையும் கேக்க மாட்டான்."

"அப்ப எனக்கு?"

"ஒங்களுக்குப் பேர் வெட்டியாச்சு. இனி பென்சன். உக்காந்து பாருங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். லைட் அசையாமல் மரத்தைக் காட்டியது. நான் தலை நிமிர்ந்து பார்த்தபோது, வெளிச்சத்துக்கு வெளியே இருந்த அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தது அன்றைக்குத்தான்.

அந்த லைட் எனக்கு ஒரு வியாதியையும் கொடுத்தது. அதைப் பலகைக்குச் சமமாகத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்தால், மேலே இருந்து பார்க்கும்போது தெரியாத மேடு, பள்ளம், கீறல் எல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். பார்த்த மரத்தையெல்லாம் சோதிக்க ஆரம்பித்தேன். மாமனார் வீட்டு அலுமாரியைக்கூட விடவில்லை. "இத முழுசா தேய்க்கணும் மாமா" என்று நான் சொன்ன நாளிலிருந்து அவர் என்னைக் கண்டால் அறைக் கதவைச் சாத்திவிடுகிறார்.

இந்த வியாதி முற்றியிருந்த சமயத்தில்தான் ஒரு காலை அம்மாவின் போன் வந்தது.

"அப்பா போயிட்டாருய்யா." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இங்க கரண்டும் இல்ல. காத்துல மரம் வுழுந்து வயரு அந்து கெடக்கு. வரும்போது லைட்டு ஏதாச்சும் கொண்டா" என்றாள்.

லைட் இருந்த பையில்தான் கைச் சீவுளி, சுத்தியல், உப்புத்தாள் எல்லாம் இருந்தன. பிரித்து எடுக்கத் தோன்றாமல் பையோடு தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த என் மனைவி வசந்தா அழுதுகொண்டே வந்தாள். நான் மட்டும் லைட்டில் சார்ஜ் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

லயத்தில் அப்பாவின் ஒற்றை அறைக் காம்பரா பகலிலேயே இருட்டாக இருந்தது. வெளியே மூடுபனி. லைட்டைக் கட்டிலின் இரும்புக் காலில் ஒட்டவைத்தேன். அப்பா முகத்தில் வெளிச்சம் விழுந்தது. வந்தவர்களெல்லாம் "நல்ல வெளிச்சம்" என்றார்கள். இழவு வீட்டிலும் அந்தப் பாராட்டுக்கு எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது (என் லட்சணம் இதுதான்).

மத்தியானத்துக்கு மேல் தோட்டத்தில் கொடுக்கிற சவப்பெட்டி வந்தது. வாசலில் இரண்டு கதிரையை எதிரெதிராகப் போட்டு அதன்மேல் வைத்தார்கள். நல்ல பெட்டிதான். எல்லாருக்கும் வருகிற பெட்டிதான். நான் மட்டும் உள்ளே போய் லைட்டை எடுத்து வந்து, தாழ்த்திப் பிடித்து மூடியைப் பார்த்தேன். ஒரே மேடும் பள்ளமும். ஓரத்தில் சிலும்பு. பையைத் திறந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

அம்மாவின் தம்பி செல்லையா மாமாதான் தோட்டத்தில் எந்தச் சாவு என்றாலும் முன்னால் நின்று நடத்துகிறவர். அவர் ஓடி வந்தார்.

"என்னடா செய்ற?"

"சொரசொரன்னு இருக்கு மாமா."

"மண்ணுக்குள்ள வைக்கிற பெட்டிடா. கடையில விக்கவா போறோம்? பொழுது சாயிறதுக்குள்ள எடுக்கணும், வுடு."

"அப்பா தடவிப் பாப்பாரு மாமா."

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. வாயில் வந்துவிட்டது. மாமா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது. "வுடு தம்பி. அவன் இன்னும் அழல. தேய்ச்சாவது தீக்கட்டும்."

அனுமதி கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உப்புத்தாளோடு நிறுத்தியிருக்கலாம். மூடியின் ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டிருப்பதாகத் தோன்ற, சீவுளியை எடுத்துச் சீவினேன். இப்போது அடுத்த விளிம்பு தூக்கியது. அதையும் சீவினேன். மரத்தூள் பறந்து வாய்க்கரிசித் தட்டில் விழுந்தது. மாமாவின் தலை நரைத்தது. தப்படிக்கிறவர் தும்மிய தும்மலில் அடி தவறிவிட்டது. நான் நிமிரவே இல்லை.

கடைசியாகப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தபோது, கால்மாட்டில் ஓர் ஆணி முனை உள்பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. அப்பா செருப்புப் போட்டு நடந்த ஆள் இல்லை. அந்த வெறுங்காலில் ஆணி குத்தும் என்று எனக்குப் பதறியது. பெட்டியின் உள்மூலையில் அடித்திருந்த தகரப் பட்டையில் லைட்டை ஒட்டிவைத்து, அந்த வெளிச்சத்தில் ஆணி முனையை அடித்து மடக்கினேன். தடவிப் பார்த்தேன். குத்தவில்லை. அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. "தண்ணிக் கொடம் எடுக்கணும், வாடா!" என்று மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

நான் ஈர வேட்டியோடு திரும்பியபோது அப்பாவைக் குளிப்பாட்டிப் பெட்டியில் படுக்கவைத்திருந்தார்கள். கால்மாட்டில் கோடித் துணிகள் குவிந்திருந்தன. லைட்டின் நினைவே எனக்கு வரவில்லை. மூடியை வைத்து அடித்தார்கள். தூக்கினார்கள். தோளில் குடத்தோடு நான் முன்னால் நடந்தேன்.

தேயிலைக்கு நடுவே இறங்குகிற பாதையில், எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் ஒரு வளைவு இருக்கிறது. பெண்கள் அதுவரைதான் வருவார்கள். அந்த இடத்துக்கு வரும்போது மூடுபனி நன்றாக இறங்கிப் பகலே மங்கிவிட்டது. பின்னாலிருந்து, பெட்டி தூக்கி வந்த ஒருவர் கத்தினார்.

"ஐயோ மாமா! உள்ள லைட்டு எரியுது!"

தப்பு நின்றது. திரும்பிப் பார்த்தேன். நான் பாடுபட்டுச் சீவிய விளிம்பின் இடுக்கிலிருந்து வெள்ளை வெளிச்சம் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு பனியில் நின்றது. பெட்டியை இறக்கிவைத்தார்கள். இரண்டு பேர் சற்றுத் தள்ளி நின்றார்கள். ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சோதியாயிட்டாரு, புண்ணியவான்" என்று கும்பிட்டார். பெண்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். அப்பாவைப் புண்ணியவானாகவே விட்டிருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"அது... என் பெஞ்சு லைட்டு" என்றேன்.

செல்லையா மாமா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "ஆணியக் கழட்டு. எடுத்துருவோம்" என்று அவர் குனிந்தார்.

"எடுக்காத" என்றாள் அம்மா.

அவள் பீலி ஓரமாக நின்றிருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, அந்த வெளிச்சத்தில் கையை வைத்துப் பார்த்தாள். "இவனுக்கு லைட்டு புடிக்கணும்னுதானே பஸ்ஸு ஏறிப் போவாரு. இனி அவருக்கு ஒருத்தன் புடிக்கட்டும். முழுப் பேரு போட்டு அனுப்பு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாங்களும் சிரித்துவிட்டோம். சாவு ஊர்வலத்தில், நடுப்பாதையில், குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு எந்த இடத்தில் ஒப்பாரியாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

மயானத்தில் கடைசியாக முகம் பார்க்க மூடியைத் திறந்தார்கள். தூக்கி வந்த ஆட்டத்தில் லைட் கோடித் துணியிலிருந்து வெளியே வந்து, கழுத்தை நீட்டி அப்பாவின் காலோரத்திலிருந்து முகத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது. தாழ்ந்த வெளிச்சம். பலகையைச் சோதிக்க நான் வைக்கிற அதே உயரம். நெற்றியில் எத்தனை கோடுகள். தாடையில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. கவ்வாத்துக் கத்தி பட்டதா, எப்போது பட்டது, நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஊரில் உள்ள பலகை, கதவு, அலுமாரி எல்லாவற்றையும் இந்த வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். இந்த முகத்தைப் பார்க்கவில்லை.

அணைத்துவிடலாமென்று கை சுவிட்சுக்குப் போனது. முடியவில்லை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். மூடியை அடித்து இறக்கினோம். முதல் பிடி மண் நான் போட்டேன். இடுக்கிலிருந்து வந்த வெளிச்சம் மண் விழ விழக் குறைந்து மறைந்தது.

இப்போதும் அந்தத் தோட்டத்தில் எந்தச் சாவிலும் ஆணி அடிக்கும் முன் செல்லையா மாமா உரக்க ஒரு கேள்வி கேட்பார்: "உள்ள யாராச்சும் லைட்டு கிட்டு வச்சிருக்கீங்களா? பாத்துக்கங்கப்பா!" அழுகிறவர்களும் அதற்குச் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் கரண்ட் போனால், "உங்க லைட்டு எங்கங்க?" என்று வசந்தா கேட்பாள். "வேலைக்குப் போயிருக்கான்" என்று அம்மா பதில் சொல்வாள். அம்மா இப்போது எங்களோடு பதுளையில்தான் இருக்கிறாள்.

நான் வேறு லைட் வாங்கவில்லை. அம்மாதான் டார்ச் பிடிக்கிறாள். அவளுக்கும் கை நடுங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பலகையில் கோடு போட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் கோட்டை விட்டு மெல்ல நகர்ந்து வந்து என் கண்ணைக் கூசவைத்தது.

"அம்மா, மரத்துக்குப் புடி."

"புடிக்கிறேன், புடிக்கிறேன். ஒங்கப்பா சொன்னாரு, மரத்துக்குப் புடிச்சா ஒன் மொகம் தெரியாதாம்."

கோடு தெரியாமலே அறுத்தேன். பலகை கோணலாக வந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றாள்.