கொடியண்ணன் குருவிக்கு லைன் கிளியர்

மலாயா முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், குருவிக்குக் கிரகப்பிரவேசம் நடத்திய ஆள் எங்கள் கொடியண்ணன் ஒருவர்தான் கிடைப்பார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு. ரயிலுக்குக் கொடி காட்டும் வேலை. சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் தன் வீட்டுத் தோட்டத்தில் சந்தோரமாக நின்ற மாமரத்தில் பலகைப் பெட்டி ஒன்றை மாட்டினார். மலாய்க்காரர்கள் முராய் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் பாட்டுக்காரக் குருவி அதில் கூடு கட்ட வேண்டுமாம். சும்மா விட்டிருந்தால் கட்டியிருக்கும். மனிதர் பெட்டிக்குப் பளபளவென்று சிவப்புச் சாயம் அடித்தார். உள்ளே இலவம்பஞ்சு மெத்தை போட்டார். குருவி உட்கார வாசலில் ஒரு குச்சி, மேலே மாவிலைத் தோரணம். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிச் சாம்பிராணியும் போட்டார். அந்தப் புகையில் குருவி சாலாக் செலாத்தான் ஸ்டேஷன் பக்கம் ஓடியே போய்விட்டது. குச்சியில் காக்கா வந்து உட்கார்ந்து மெத்தையைப் பிய்த்துக்கொண்டு போனது.

"ஏண்ணே, குருவி பால் குடிக்குமா?" என்று கேட்டேன்.

"புது வீட்டுக்கு வர்றவங்கள வெறும் வாயோட அனுப்பலாமா தம்பி?"

அடுத்த வருஷம் கோபத்தில் குச்சியைப் பிடுங்கினார், சாயத்தைச் சுரண்டினார், பெட்டிப் பக்கமே திரும்பவில்லை. குருவி வந்துவிட்டது! குஞ்சும் பொரித்தது.

பிறகு எங்கள் சந்தே அவர் கைக்குப் போனது. தாய்க்குருவி புழுவோடு வந்தால் சிவப்புக் கொடி. உள்ளே நுழைந்துவிட்டால் பச்சை. ரயில்வே குடும்பங்கள் அல்லவா, சிவப்பைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். காய்கறி விற்கும் சீனர்கூடக் காவடிக் கூடையோடு நிற்கப் பழகிவிட்டார்.

அப்போதுதான் என் அக்கா கல்யாணம். மாப்பிள்ளை கிள்ளானில் ரயில் டிரைவர். மேளதாளத்தோடு வந்த ஊர்வலத்துக்கு முன்னால் சிவப்புக் கொடி விரிந்தது. மாப்பிள்ளை சடக்கென்று நின்றார். நாகஸ்வரக்காரர் அவர் முதுகில் மோதினார்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "யோவ், முகூர்த்தம் போகுதுய்யா! வழிய விடு லா!"

"குஞ்சு மொத தடவ பறக்க வாசல்ல நிக்குதுண்ணே. மேளச் சத்தத்துல மெரண்டு விழுந்துச்சுன்னா, கீழ பூனை உக்காந்திருக்கு. லைன் கிளியர் இல்ல."

"என் பொண்ணு மணவறையில உக்காந்திருக்காய்யா!"

"இதுவும் பொண்ணாத்தான் இருக்கும்ணே."

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். "சிக்னல் விழாம நான் நகர மாட்டேன் மாமா," என்றார் மாப்பிள்ளை.

அப்பா பல்லை நறநறவென்று கடிக்க, நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். குஞ்சு எட்டிப் பார்த்தது. குதித்தது. தட்டுத்தடுமாறி மாப்பிள்ளையின் தலைப்பாகையில் இறங்கி, அங்கே ஒரு அசிங்கமும் செய்துவிட்டு, கூரைக்கு ஏறியது. பச்சைக் கொடி விரிந்தது. கொடியண்ணன் கண்ணெல்லாம் தண்ணீர். நல்ல நேரம் முடிகிற கடைசி நொடியில் தாலி ஏறியது.

அப்பா அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை. கொடியண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குக் கப்பலேறப் புறப்பட்ட அன்றும், அப்பா ஸ்டேஷனில் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். கொடியண்ணன் தன் பழைய கொடிகள் இரண்டையும் அப்பா கையில் திணித்து, "பெட்டியப் பாத்துக்குங்கண்ணே," என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

அந்த வண்டிக்கு டிரைவர் எங்கள் மாப்பிள்ளைதான். கார்டு விசில் ஊதினார். வண்டி நகரவில்லை. திரும்பிப் பார்த்தால், பிளாட்பார முனையில் சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் அப்பா.